பதின்மூன்றுக்குப் பதினாலு

மீன் பையில் சுற்றி, அதன்மேல் துவாய் சுற்றிக்
கொண்டுவந்து மேசையில் வைத்தார் கிறேசியன்,
போன கிழமை நான் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்த மடிக்கணினியை.
'பிள்ளை, உது நல்லாத்தான் ஓடுது.
படம்தான் ஓடேல்லை.'

ஐந்துசந்தியில் அப்போது கரண்ட் இல்லை.
பற்றரியில் நாற்பத்தொரு வீதம்.
காணும் என்று திறந்தேன்.

ஒரேயொரு கோப்பு, பழைய சீடியிலிருந்து உருவினது.
தட்டினால் சத்தம் மட்டும் வருகிறது:
விசில்,
மைக்கில் காற்று உரசும் இரைச்சல்,
யாரோ தொண்டை கிழிய 'அடியடா, அடியடா'.
திரை, அடிப்பிடித்த சட்டி.

'சத்தம் எனக்குப் பாடம்' என்றார்.
'பந்து எங்க விழுந்தது? அது தெரிஞ்சால் போதும்.'

பாசையூருக்கும் நாவாந்துறைக்கும் கரப்பந்து இறுதி ஆட்டம்,
கடைசி செற், பதின்மூன்றுக்குப் பதினாலு.
கிறேசியன் எழும்பி அடித்தது வெளியே என்று
கொடி தூக்கினவர் பத்திநாதன்.
இப்போது ஒரே ஐஸ் கொம்பனியில்
ஒரே கட்டியின் இரண்டு முனையை
இருவரும் பிடித்துத் தூக்குகிறார்கள்.
பதினாறு வருஷமாக
அந்தப் பந்து நிலத்தில் படவேயில்லை.

கறுப்பு ஜன்னலைத் திறந்து கணினியை அவர் பக்கம் திருப்பினேன்.
நீங்களே அடியுங்கோ, நான் சொல்லுறன். முதலில் சூடோ.
'ஐஸ்காரனுக்குச் சூடோ?'
சிரித்துக்கொண்டே ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார்,
நெத்தலியில் முள் எடுப்பதுபோல.

கடவுச்சொல் கேட்டது.
ஒரு எழுத்து அடித்தார், திரையில் ஒன்றும் விழவில்லை.
இன்னொன்று. இல்லை.
'கீபோட்டும் போச்சு' என்றார்.
போகேல்லை. நீங்கள் அடிக்கிறது உள்ளுக்குப் போகுது,
காட்டாது, அவ்வளவுதான்.
என்னை ஒருதரம் பார்த்தார்.
நான் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.
காதை எப்படித் திருப்புவது?
பதினான்கு தட்டு.
அவ்வளவு நீளமான பெயர் யாருடையது என்று
நான் கேட்கவில்லை.

ஒரு பிளேயர் கேட்டோம்.
கூடவே நாற்பத்தேழு பொதி வருகுதாம்.
'ஒண்டுதானே கேட்டனாங்கள்?'
கலியாணத்துக்கு ஒரு வீட்டுக்குச் சொன்னால்
ஒராள்தான் வருவாரோ?
'ஓமோ, இல்லையோ' என்று கணினி காத்திருந்தது.
சும்மா என்டரைத் தட்டினாலும்
ஓம் என்றுதான் அது எடுக்கும்.
'நல்ல பெண்பிள்ளை மாதிரி' என்றார்.
பெண்பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கோ என்றேன்.
கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.

என் போனின் டேட்டாவைக் குடித்துக் குடித்து
அறுபது வீதம், எண்பது,
எண்பத்திரண்டில் நின்று, பிறகும் நகர்ந்தது.
'இதுக்கு எவ்வளவு?'
இலவசம்.
'அப்ப என்ன குறை இதில?'
குறை இருந்தால் திறந்து பார்க்கலாம். அதுதான் விசேஷம்.
அவர் நம்பவில்லை.
காசுக்கு வாங்கின ஒன்றையும் நம்பாதவர் என்பதும் முகத்தில் தெரிந்தது.

பிறகு, படம்.
மணல், நெற், கட்டைக் காற்சட்டையில் மெலிந்த ஒருத்தன்.
'அது நான்.'
பதின்மூன்றுக்குப் பதினாலு.
அவன் எழும்புகிறான், கை பின்னால் வளைகிறது,
கமரா மெல்லத் திரும்பிப்
பிரதம விருந்தினர் சோடா குடிப்பதைக் காட்டியது.

எந்தக் கோடெக்கும் இல்லை ஐயா, என்றேன்,
எடுக்காததைக் காட்ட.

கணினியை மூடினார். மீன் பை, துவாய்.
டேட்டாவுக்கென்று நூறு ரூபாயைக்
கதிரையில் வைத்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை போன்.
'பிள்ளை, ஈ எண்ட எழுத்தைத் தட்டினால்
ஒவ்வொரு படமாய் நகருது, தெரியுமோ?'
தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது.
'சோடாப் போத்திலுக்குப் பக்கத்தில,
மூலையில, பந்தின்ர நிழல் கிடக்கு. கோட்டில.'
பத்திநாதனுக்குக் காட்டினீங்களோ?
பின்னால் ஐஸ் அரியும் வாள் சத்தம்.

'என்ர மெசினை நம்பமாட்டானாம்.
நாளைக்குத் தன்ர மெசினைக் கொண்டு வாறான்.
அவனுக்கும் போட்டுவிடு.
கடவுச்சொல்லு நான் சொல்லிக் குடுக்கிறன்,
தெரியாது, ஆனால் விழும் எண்டு.'